வங்காலைச் சதுப்பில் ஒரு நாள்

நிலத்தின் பயனை அளத்தற்கு நாம் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கைக்கொள்ளுகின்றோம். நெல் விளையுமா என்பது ஒன்று. வீடு கட்டலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உதவாத நிலத்தைத் தரவை என்றும், வெளி என்றும், உவர் என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகின்றோம். மாரியில் முழங்காலளவு நீரும், கோடையில் வெடித்த சேறும், அதன்மேல் வெண்மையாய்ப் பூத்த உப்புமாகக் கிடக்கும் அத்தகைய நிலங்கள் வடமாகாணத்துக் கரையோரமெங்கும் உள. தொண்டைமானாற்றங்கரையிலும், சுண்டிக்குளத்திலும், பூநகரியிலும், மன்னாரிலும் அவற்றைக் காண்கின்றோம்.

இந்நிலங்கள் பயனற்றவை என்னும் எண்ணம் எத்துணைப் பொருந்தாதது என்பதை நூல்கள் பல கற்று அறியலாம். அவற்றுள் ஒன்றில் விடியற்பொழுது தொடங்கி மாலைவரை நின்று, அங்கு வரும் பறவைகள் யாது செய்கின்றன எனப் பொறுமையோடு நோக்கின், ஒரே நாளிலும் அறிந்துகொள்ளலாம். அவ்வாறு நோக்குதற்குச் சிறந்த இடங்களுள் ஒன்று மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயமாகும். தை மாதத்தில் ஒரு நாள் அங்கு காணக்கூடியவை யாவை, அவற்றின் காரணங்கள் யாவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இடமும் பருவமும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் பெருவீதி, தாம்போதியில் ஏறி மன்னார்த் தீவை அடையுமுன்னர் ஒரு பெருவெளியை எதிர்ப்படுகின்றது. பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தை வழிபடச் செல்வோர்க்கும் இவ்வெளி அயலிலேயே உள்ளது. ஆயினும், வண்டியை நிறுத்தி இறங்குவோர் சிலரே. ஆழமற்ற கடல்நீர், அதன் ஓரத்துக் கண்டற் செடிகள், உமரி படர்ந்த உவர்ச்சேறு, மாரி நீர் தேங்கும் தாழ்நிலம், புற்றரை, முட்புதர்க்காடு என்னும் இவையனைத்தும் இங்கு ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. இந்நிலம் 2008ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இதன் பரப்பு ஏறக்குறைய 4,839 ஹெக்டேயர்.

ஈரநிலங்களைப் பேணுதற்கென 1971ஆம் ஆண்டு பெப்ருவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக நாடுகள் சில கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கை அதில் 1990ஆம் ஆண்டு சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின் கீழ் உலகப் பட்டியலில் இடம்பெற்ற இலங்கை ஈரநிலங்கள் ஆறு. புந்தல 1990ஆம் ஆண்டிலும், ஆனைவிழுந்தான் 2001ஆம் ஆண்டிலும், மாதுகங்கை 2003ஆம் ஆண்டிலும், வங்காலையும் குமணையும் 2010ஆம் ஆண்டிலும், வில்பத்து 2013ஆம் ஆண்டிலும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. வற்றின்போது ஆறு மீற்றருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பரப்பையும் அவ்வுடன்படிக்கை ஈரநிலம் என்றே கொள்ளுகின்றது என்பதும் ஈண்டு அறியத்தக்கது. எனவே, நம் தீவகற்பத்தைச் சூழ்ந்த களப்புக்கள் யாவும் அவ்வரைவிலக்கணத்துள் அடங்குவனவேயாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, கார்த்திகை தொடங்கி மாசி முடியவுள்ள காலமே தக்கது. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையினால் அக்காலத்திற் சதுப்பு நிறைகின்றது. அதே காலத்தில் வடவாசியா பனியால் மூடப்படுகின்றது. அங்கு நீரும் சேறும் உறைந்துவிட, அவற்றுள் இரைதேடும் பறவைகள் தெற்கு நோக்கி வருகின்றன. அங்கே உண்கலம் மூடப்படும் மாதங்களில் இங்கே திறக்கப்படுகின்றது. இவ்விரு நிகழ்ச்சிகளும் காலத்தால் ஒத்துவருதலே வங்காலையின் சிறப்புக்கு முதற்காரணம். ஒரு மாரியில் 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கு கூடுவதுண்டு.

விடியல்: வாத்துக் கூட்டங்கள்

சென்ற தை மாதத்தில் எம் மாணவர் சிலரோடு அங்கு சென்றபோது, கிழக்கு வெளுக்குமுன்னரே வீதியோரத்தில் நின்றோம். பறவை நோக்குவார் விடியலை விரும்புதற்குக் காரணம் உண்டு. வாத்துக்கள் பல இரவில் மேய்ந்து பகலில் இளைப்பாறும் இயல்பின. அவை கூட்டமாய் வந்திறங்கும் நேரம் அது. வெயில் ஏறியபின் நிலத்திலிருந்தெழும் கானல், தொலைகாட்டியினூடே வரும் உருவங்களையெல்லாம் நடுங்கச் செய்துவிடும்.

முதலில் வந்தது ஒலி. சீழ்க்கையடித்தாற் போன்ற மெல்லோசை இருளிற் பல திசைகளிலிருந்தும் எழுந்தது. அது நாமத்தலை வாத்தின் குரல். செம்மண் நிறத் தலையில், நெற்றியினின்று உச்சிவரை, சந்தனக்குழம்பை இட்டாற் போன்ற ஒரு கீற்று ஆண் பறவைக்கு உண்டு. அதனாலேயே அதற்கு இப்பெயர் வந்தது. வால் ஊசிபோல் நீண்ட ஊசிவால் வாத்தும், கண்ணுக்கு மேலே வெண்கோடு வளைந்த நீலச்சிறகியும், அகன்ற அலகினையுடைய ஆண்டி வாத்தும் அவற்றோடு கலந்திருந்தன.

இந்நால்வகை வாத்தும் ஒரே நீரில் மிதப்பினும் ஒரே வகையாக உண்பனவல்ல. நாமத்தலை வாத்து, ஆடுமாடுகளைப்போலப் புல்லையும் நீர்ப்பாசியையும் கொய்து மேய்வது. ஊசிவால் வாத்தோ, தலையைக் கீழே புதைத்து வாலை மேலே நிமிர்த்தி, அடிச்சேற்றிலுள்ள விதைகளையும் கிழங்குகளையும் தேடுகின்றது. நீண்ட கழுத்து அதற்கு உதவுகின்றது. ஆண்டி வாத்தின் அலகோரத்திற் சீப்புப் பற்கள் போன்ற நுண்ணிய அமைப்புக்கள் உள. நீரை வாயினுள் வாங்கி அவற்றினூடே வெளிவிட்டு, எஞ்சும் சிற்றுயிர்களை அது விழுங்குகின்றது. ஒருவர் வெட்டியெடுக்க, ஒருவர் தோண்டியெடுக்க, ஒருவர் வடித்தெடுக்கும் தொழிற்பகுப்பு இது.

முற்பகல்: அலகும் காலும்

ஞாயிறு எழுந்தபின், அதனை முதுகுப்புறமாக வைத்துச் சேற்றுநிலத்தை நோக்கினோம். இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. செங்குத்தான கரையாயின் இம்மாற்றம் கண்ணுக்குத் தோன்றாது. வங்காலையோ கைத்தட்டுப்போற் சமமான நிலம். அங்கு நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினும் பெரும்பரப்பான சேறு வெளிப்பட்டுவிடுகின்றது. அச்சேறு வெளிப்படும் பொழுதே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து பரவுகின்றன.

அப்போது மாணவன் ஒருவன் ஒரு நல்ல வினாவை எழுப்பினான். ஒரே சேற்றில் இத்தனை வகைப் பறவைகள் அருகருகே நின்று உண்கின்றனவே, ஒன்றின் இரையை மற்றொன்று பறிப்பதில்லையா, சண்டை மூளாதிருப்பது எங்ஙனம் என்பது அவன் வினா. விடையை நாவாற் கூறாது, ஒவ்வொரு பறவையின் அலகையும் காலையும் அளந்து நோக்குமாறு பணித்தோம். அரை மணிநேரத்தில் விடையை அவர்களே கண்டுகொண்டனர்.

கொசு உள்ளான் என்னும் சிறுபறவை இருபது, முப்பது கிராம் நிறையே உடையது. அதன் அலகு ஏறக்குறைய இரண்டு சதமமீற்றர் நீளம். சேற்றின் மேற்றோலிலுள்ள நுண்ணுயிர்களை அது தையலூசிபோற் குத்திக் குத்தி எடுக்கின்றது. பவளக்காலியின் அலகு அதன் இருமடங்கு. ஆதலின், சேற்றினுள் சற்றுக் கீழேயுள்ள புழுக்களும் சிறு சிப்பிகளும் அதற்குரியன. கருவால் மூக்கனின் அலகு ஏறக்குறைய பத்துச் சதமமீற்றர். கோட்டான் என்னும் பெரும்பறவையின் வளைந்த அலகோ பதினைந்து சதமமீற்றருக்கும் மேல் நீள்வதுண்டு. வளையுள் ஆழ்ந்து கிடக்கும் நண்டையும் நீண்ட புழுவையும் எட்டிப் பிடிக்க வல்லது அதுவொன்றே. இவ்வாறு ஒரே சேறு, மேல்தட்டு, இடைத்தட்டு, கீழ்த்தட்டு எனப் பல அடுக்குகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோரடுக்கும் ஒவ்வோர் இனத்துக்கு உரிமையாகின்றது.

இவ்வலகுகள் வெறுங் குச்சிகளல்ல. உள்ளான், மூக்கன் முதலியவற்றின் அலகுநுனியில் தொடுவுணர்ச்சி நரம்புகள் செறிந்துள்ளன. கண்ணாற் காணாத இரையை அவை தடவியே அறிகின்றன. வாயை முழுதும் திறவாமல் அலகின் நுனியை மட்டும் சேற்றினுள்ளே விரிக்கவும் அவற்றுட் பலவற்றால் இயலும். உப்புக்கொத்திகளின் முறை இதற்கு நேர்மாறானது. அவற்றின் அலகு குறுகியது, கண் பெரியது. சில அடி ஓடும், திடீரென நிற்கும், நோக்கும், அசைவு தெரிந்தவிடத்துக் கொத்தும். ஓடுவதும் நிற்பதுமாகிய இந்நடையைக் கண்டே, நிறத்தை அறிய இயலாத தூரத்திலும் உப்புக்கொத்தியை உள்ளானிலிருந்து பிரித்தறியலாம்.

சேற்றின் ஆழத்தை அலகு பகுப்பதுபோல நீரின் ஆழத்தைக் கால் பகுக்கின்றது. ஈரம் படிந்த விளிம்பிற் கொசு உள்ளானும், கணுக்காலளவு நீரிற் பவளக்காலியும், வயிறு நனையும் நீரில் மூக்கனும், அதற்கும் அப்பால் நெடுங்கால் உள்ளானும் நின்றன. நீர் மெல்ல வற்ற வற்ற, படைவகுத்தாற்போல் இவ்வரிசைகள் யாவும் ஒருங்கே நகர்ந்தன. ஆழ்ந்த இடங்களிற் கரண்டிவாயன் தன் தட்டையலகை அரைவாசி திறந்து இடமும் வலமுமாக வீசிச் சென்றது. அலகுக்குள் அகப்பட்ட சிறு மீனும் இறாலும் அதற்கு இரை. கூழைக்கடாக்கள் தொண்டைப்பையை வலைபோல் விரித்து மீனை வாரின. இவற்றினிடையே கொக்குமட்டும் அசையாது நின்றது. காலம் பார்த்திருத்தற்குத் திருவள்ளுவர் கொக்கையே உவமையாகக் கூறியது, நீர்க்கரையில் நின்று நோக்கிய ஒருவருக்கே தோன்றக்கூடிய உவமை என்பது அப்பொழுது விளங்கிற்று.

நண்பகல்: உப்பும் பூநாரையும்

வெயில் ஏறியபோது, தொலைவில் நீர்ப்பரப்பின் நடுவே இளஞ்சிவப்புக் கோடொன்று தெரிந்தது. அவை பூநாரைகள். பறவைகளுள் உணவுமுறையால் வியப்புக்குரியது இதுவே. கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாக நீருள் இறக்கி, தடித்த நாவினை நீரிறைக்கும் கருவிபோல் முன்னும் பின்னும் அசைத்து, அலகிலுள்ள சல்லடையினூடே நீரைச் செலுத்துகின்றது. நீர் வெளியேற, உவர்நீரில் வாழும் நுண்ணிய இறாலினங்களும் அல்காக்களும் உள்ளே தங்குகின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே சிறகுக்குச் செந்நிறம் தருகின்றது. உண்பது மாறினால் நிறம் மங்கும். இளம் பறவைகள் சாம்பல் நிறமாயிருத்தலையும் அங்கு கண்டோம்.

இப்பறவை இலங்கையிற் கூடு கட்டுவதில்லை. தென்னாசியாவில் இதன் பெரிய இனப்பெருக்க இடம் குஜராத்திலுள்ள கட்ச் உவர்வெளியாகும். அதுவும் மக்கள் பயனற்றதென ஒதுக்கும் நிலமேயென்பது நோக்கற்பாலது.

அவ்வேளையில் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எம்மருகே நின்றார். நாம் யாது பார்க்கின்றோம் என்று வினவி அறிந்தபின், “இது சும்மா கிடக்கிற தரவை, மாஸ்ரர், நெல்லுக்கும் உதவாது, ஒண்டுக்கும் உதவாது” என்றார். ஆயின், பேச்சுத் தொடரவே, முதல் மழைக்குப் பின் எத்தனையாம் நாளில் வாத்து இறங்கும், எந்தக் காற்று மாறினாற் பூநாரை கிளம்பும், எந்தப் பள்ளத்தில் நீர் கடைசியாக வற்றும் என்பனவெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. அந்நிலத்தின் நுட்பங்களை எம்முட் பலரினும் நன்கு அறிந்தவர் அவர். அறிந்திருந்தும் அதனைப் “பயன்” என்னும் சொல்லுக்குள் அடக்க அவர் எண்ணவில்லை. அவரிடத்தன்று, நாமெல்லாம் பயன் என்னும் சொல்லை வழங்கும் முறையிலேயே குறை இருக்கின்றது.

இக்குறை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குப் புந்தல சான்றாகும். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உள்ள புந்தல, இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம். 1993ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்டது. ஒரு காலத்திற் பூநாரைகள் அங்கு ஆயிரக்கணக்கிற் கூடின. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தினால் அயலிலுள்ள வயல்கள் பெருகின. அவ்வயல்களிலிருந்து வடிந்த நன்னீர், எம்பிலிக்கல, மலல ஆகிய உவர்க்களப்புக்களிற் சேர்ந்தது. களப்பின் உப்புக் குறைந்தது. உப்பு நீரில் வாழ்ந்த சிற்றுயிர்கள் மறைந்தன. பூநாரைகளும் அருகிப்போயின.

இதில் எவரும் பறவையைக் கொல்ல எண்ணவில்லை. மரத்தை வெட்டவில்லை, நஞ்சைக் கலக்கவுமில்லை. உழவர்க்கு நீர் கொடுத்தல் நற்செயல். வயலில் மிஞ்சிய நன்னீர் வடிந்தது, அவ்வளவே. நன்னீர் நல்லது, உவர்நீர் தீயது என்பது மனிதன் வகுத்த கணக்கு. பூநாரையின் கணக்கு வேறு. ஒரு சதுப்பு அழிதற்கு அதனை மண்ணிட்டு நிரப்ப வேண்டியதில்லை. அதன் நீரின் உப்பையோ ஆழத்தையோ மாற்றினாலே போதும். முற்பகலிற் கண்ட அடுக்குகளை நினைவுகூர்வோமாயின் இதன் காரணம் தெளிவாகும். நீர்மட்டம் ஒரு சாண் நிரந்தரமாக உயருமாயின் கொசு உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் உரிய விளிம்பு நீரினுள் மறைந்துவிடும். நீர் நிறைந்து அழகாகத் தோன்றும். உண்போர் பலர் பசியோடு நீங்கியிருப்பர்.

மாலை: நெடுவழி

மாலையிற் கடற்காகங்களும் ஆலாக்களும் மணற்றிட்டுக்களில் வந்து கூடின. இவை எங்கிருந்து வந்தன என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

பறவைகள் பருவந்தோறும் வடக்கும் தெற்குமாகச் செல்லுதலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். புறநானூற்றிற் பிசிராந்தையார், குமரிக் கடலினின்று வடமலை நோக்கிச் செல்லும் அன்னச்சேவலைத் தூது விடுகின்றார். சத்திமுற்றப் புலவரோ, தென்றிசையினின்று வடக்கு நோக்கி மீளும் நாரையைத் தம் ஊருக்குச் செய்தி சொல்ல அனுப்புகின்றார். இருவர் பாடலிலும் பறவை செல்லும் திசை பொருந்தியிருத்தல், கவிஞர் கற்பனைக்கு அடியில் கூர்ந்த நோக்கு இருந்தமையைக் காட்டும்.

அவ்வழியைச் சான்றோடு நிறுவத் தொடங்கியவர் ஒரு பள்ளியாசிரியர் என்பது நமக்குப் பெருமை தருவது. டென்மார்க் நாட்டு விபோர்க் நகரில் ஆசிரியராயிருந்த மோர்ட்டென்சன் என்பார், 1899ஆம் ஆண்டில் இலக்கமிட்ட அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலிற் பூட்டிப் பறக்கவிட்டார். வளையமிட்ட பறவை வேறிடத்தில் அகப்படின், அது சென்ற தூரம் வெளிப்படும். இன்று வளையத்தோடு செய்மதிக்குச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவிகளும் பயன்படுகின்றன. 2021ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிற் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்கள், இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவினூடே, இரசியாவின் ஆர்க்டிக் கரைவரை சென்றமை அவ்வாறே அறியப்பட்டது.

வடமுனைப் பகுதியினின்று இந்து சமுத்திரம் வரை ஏறக்குறைய முப்பது நாடுகளைத் தழுவிய இவ்வான்வழி, மத்திய ஆசியப் பறப்புவழி எனப்படும். அதன் தென்பகுதியில் அமைந்துள்ளது இலங்கை. இந்தியாவின் மேற்குப்புறமாக வரும் பறவைகள் இராமேச்சரத்தையும் சேதுத் திட்டுக்களையும் தொடர்ந்து மன்னாரில் நுழைகின்றன. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் ஆர்க்டிக் தண்டராவில் முட்டையிடுவன. அவை இங்கு வந்து தங்குவது விருந்துக்கன்று. பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறத்தற்கு வேண்டிய கொழுப்பை உடலிற் சேர்ப்பதற்கே இரவும் பகலும் உண்கின்றன. சில இனங்கள் புறப்படுமுன் தம் நிறையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்ளுகின்றன. அக்கொழுப்பின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022ஆம் ஆண்டிற் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் இடையில் எங்கும் இறங்காது பறந்தது. அப்பறவைக்கு அப்போது வயது ஏறக்குறைய ஐந்து மாதமே.

ஆதலின், இச்சதுப்பில் நின்று கல்லெறிந்து பறவைகளைக் கிளப்பி மகிழ்வது விளையாட்டன்று. ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் அரும்பாடுபட்டுச் சேர்த்த கொழுப்பு வீணாகின்றது. அன்று பிற்பகலிற் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தவுடன் வாத்துக் கூட்டம் முழுவதும் எழுந்து மீண்டும் அமர்ந்ததைக் கண்டோம். அது இயற்கையின் கடமை. ஒளிப்படம் எடுக்கும் ஆவலினாலும், நாய்களை அவிழ்த்துவிடும் கவனமின்மையினாலும் நாம் அதனைப் பெருக்குதல் கூடாது. தூரத்தே நிற்றல், மங்கிய நிற உடை அணிதல், உரத்துப் பேசாமை என்னும் மூன்றும் பறவை நோக்குவார்க்கு இன்றியமையாத ஒழுக்கங்கள்.

எண்ணுதலும் பெயரிடுதலும்

கண்டு மகிழ்தல் முதற்படி. எண்ணிப் பதிதல் இரண்டாம் படி. ஆயிரக்கணக்கான பறவைகளை எண்ணுவது இயலாததன்று. முதலிற் பத்தை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தைக் கொள்ளுகின்றதென மனத்திற் கொண்டு, அதைக்கொண்டு நூறையும், நூறைக்கொண்டு ஆயிரத்தையும் மதிப்பிடுதல் முறை. இருவர் தனித்தனி எண்ணி ஒப்பிட்டால் பிழை குறையும். எம் மாணவர்கள் கணித பாடத்தில் வெறுத்த மதிப்பிடுதலை அன்று ஆர்வத்தோடு செய்தனர்.

இவ்வாறு எண்ணுதற்கு 1987ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு தை மாதத்திலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. இலங்கையில் இத்துறைக்கு நெடிய மரபுண்டு. லெக் என்பாரின் இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஹென்றி என்பாரின் கைந்நூல் 1955ஆம் ஆண்டு வெளியாயிற்று. இலங்கைப் பறவைக் கழகம் 1943ஆம் ஆண்டிலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த களப் பறவையியற் குழு 1976ஆம் ஆண்டிலும் தோன்றின. ஆயின், 2009ஆம் ஆண்டில் முடிந்த போரின் காலத்தில் வடபகுதிச் சதுப்புக்கள் பலவற்றிற்கு எண்ணச் செல்லுதலே அரிதாயிருந்தது. விடுபட்ட ஆண்டுகளின் கணக்கை இனி எவராலும் மீட்க முடியாது. இனிவரும் ஆண்டுகளின் கணக்கையும் நாம் விடுவோமாயின், அதற்குப் போரைக் காரணங்காட்டவும் இயலாது.

இக்கணக்கு ஏட்டிற் கிடந்து மடிவதன்று. மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று மின்நிலையம் 2020ஆம் ஆண்டு முடிவிலே திறக்கப்பட்டது. அதன்பின் மேலும் காற்றாலைகள் அமைத்தல் பற்றி அங்கு பெரும் விவாதம் எழுந்தது. எரிபொருளை இறக்கிப் புகை கக்கும் மின்னினும் காற்றின் மின் நன்றென்பதை மறுப்பாரில்லை. எந்த இடத்தில், பறவை செல்லும் வழியினின்று எவ்வளவு விலகி அமைப்பது என்பதே வினா. அவ்வினாவுக்கு விடையளிக்க, பறவைகள் எங்கே, எப்போது, எத்தனை பறக்கின்றன என்னும் பல்லாண்டுக் குறிப்பு வேண்டும். குறிப்பு இல்லாத இடத்தில் உரத்த குரலே சான்றாகிவிடும்.

எண்ணுதலைப் போன்றே பெயரிடுதலும் வேண்டப்படுவது. இன்றைய மாணவருட் பெரும்பாலோர்க்கு நீரில் நிற்கும் வெள்ளைப் பறவையெல்லாம் கொக்கு, மிதப்பதெல்லாம் தாரா. உப்புக்கொத்தி, பவளக்காலி, கல்திருப்பி, நத்தைகுத்தி என்னும் பெயர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பறவையின் உருவத்தையோ தொழிலையோ ஒரே சொல்லில் உரைப்பது. கரையோரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நோக்கி அறிந்த அறிவு அச்சொற்களில் உறைந்துள்ளது. சொல் மறையின் அவ்வறிவும் மறையும். பெயரறியாத பொருளின் மறைவை எவரும் உணரார்; உணராதார் வருந்தார்; வருந்தாதார் காவார்.

செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் அறிய ஒவ்வொருவரும் மன்னாருக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்தில் எந்தக் கல்லூரியிலிருந்தும் ஒரு மணிநேரத்துள் அடையக்கூடிய களப்போ தரவையோ உண்டு. தொண்டைமானாற்றுக் களப்பின் ஓரத்திலும், மண்டைதீவு வழியிலும் மாரியில் நின்று நோக்கினால், வங்காலையிற் கண்டவற்றுட் பலவற்றைச் சிறிய அளவிற் காணலாம். ஒரு தொலைகாட்டியும், ஒரு குறிப்பேடும், ஒவ்வோராண்டும் தை மாதத்தில் அதே இடத்துக்கு அதே நேரத்திற் செல்லும் ஒழுங்கும் இருப்பின் போதும். ஓராண்டுக் குறிப்பு ஒரு செய்தி. பத்தாண்டுக் குறிப்பு ஒரு சான்று. முப்பதாண்டுக் குறிப்பு ஒரு வரலாறு. அத்தகைய வரலாற்றைத் தொடர்ச்சியாக எழுதுதற்குக் கல்லூரியைவிடத் தக்க நிலையம் வேறில்லை. ஆசிரியர் மாறுவர், மாணவர் செல்வர். குறிப்பேடு கைமாறி நிற்கும்.

வங்காலையில் அன்று கண்டது இதுவே: ஒரு முழநீர், அதன் கீழே ஒரு சாண் சேறு. அதனைக் கொசு உள்ளானும் கோட்டானும், நாமத்தலை வாத்தும் பூநாரையும் ஒன்றின் பங்கை மற்றொன்று பறியாது உண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறத்தற்கு வேண்டிய வலிமையை அதிலிருந்தே பெறுகின்றன. நெல் விளையாத நிலம் என்பது உண்மை. எதுவும் விளையாத நிலம் என்பது உண்மையன்று. அடுத்த முறை ஒரு தரவையை நிரப்பவோ, அதன் நீரைத் திருப்பவோ முற்படுவோர், அங்கு எத்தனை உயிர்க்கு இலை போடப்பட்டிருக்கின்றது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பாராக. அவர்கள் எண்ணுதற்குரிய கணக்கை ஆயத்தமாக வைத்திருப்பது நம் கடன்.